சனிக்கிழமைச் சம்பளம் - 17: கட்டை எடுத்த பிறகுதான் காசு

"ஏனுங்க, அந்த வேலைக்கு மாசம் எவ்வளவுங்க வரும்?"

பி.என். ரோட்டுப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் அக்கா கேட்டது இது. மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். ஏர் ஹோஸ்டஸ் ஆகத்தான் போவேன் என்கிறாள். ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போய் விசாரித்துவிட்டும் வந்துவிட்டார்கள். அங்கே வழவழப்பான தாளில் அச்சடித்த புத்தகம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் துபாய் இருக்கிறது, பாரிஸ் இருக்கிறது, சம்பளம் மட்டும் இல்லை. "அவளைக் கேட்டா மணிக்கணக்குங்கறா. மணிக்கணக்குன்னா என்னங்க, ஓ.டி. மாதிரியா?"

ஓ.டி. மாதிரி இல்லை அக்கா, பீஸ் ரேட் மாதிரி என்றேன். உடனே புரிந்துகொண்டார்.

இந்தத் தொடரில் இதுவரை ஊருக்குள்ளேயேதான் சுற்றிக்கொண்டிருந்தோம். இந்த வாரம் ஊரைவிட்டு மேலே கிளம்புகிறோம். விமானம் திருப்பூருக்குப் புதிதல்ல. ஏற்றுமதிக்காரர்களுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே வயிற்றில் புளி கரைக்கும்: கப்பலில் போக வேண்டிய சரக்கு தாமதமானால் பையர் ஏர் ஷிப்மென்ட் கேட்பார், அந்தச் செலவு கம்பெனியின் தலையில் விழும், ஆர்டரில் வந்த லாபம் அதோடு போய்விடும். ஆனால் அதே விமானத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் வேலைக்கு ஏறுவது சமீப காலத்து ஆசை. இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் பீளமேடு. அவிநாசி ரோட்டில் ஒரு மணி நேரம் போனால் விமான நிலையம்.

பீஸ் ரேட் கணக்குக்கு வருகிறேன். பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லருக்குத் தைத்த உருப்படிக்குத்தான் கூலி. கட்டிங்கிலிருந்து துணி வரவில்லை, கரண்ட் போய்விட்டது, நூல் கலர் மாறிவிட்டது என்று கை கட்டி உட்கார்ந்திருந்த நேரம் நோட்டில் ஏறாது. விமானப் பணியாளர்களின் சம்பளத்திலும் ஒரு பகுதி மாதச் சம்பளம், மற்றொரு பகுதி பறந்த மணிக்கான படி. பல நிறுவனங்களில் அந்த மணி எப்போது ஓடத் தொடங்கும்? சக்கரத்துக்கு முன்னால் வைத்திருக்கும் கட்டையை எடுத்து விமானம் நகரும்போது. போய்ச் சேர்ந்த இடத்தில் கட்டையை வைத்ததும் மணி நின்றுவிடும். அதற்கு முன்னும் பின்னும் நடப்பதெல்லாம், அதாவது மேக்கப் போட்டுக்கொண்டு வண்டிக்குக் காத்திருப்பது, விமானம் ஏறுமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம், தீயணைப்பு உருளையும் ஆக்சிஜனும் உயிர்காப்பு அங்கியும் இருக்கின்றனவா என்று பார்ப்பது, நூற்றெண்பது பேரை ஏற்றி அவர்கள் பெட்டிகளை மேலே திணிப்பது, தாமதமானால் அவர்களைச் சமாளிப்பது எல்லாம் அந்தக் கணக்கில் சேராது.

ஒரு நாளில் நான்கு பயணம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி நேரம். நோட்டில் ஏறுவது ஐந்து மணி. வீட்டு வாசலில் வண்டி ஏறியதிலிருந்து திரும்பி வந்து இறங்கும்வரை பத்துப் பதினோரு மணி நேரமாவது ஆகியிருக்கும்.

துபாயின் எமிரேட்ஸ் இதை ஒளித்து வைப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அது தன் வேலைவாய்ப்புப் பக்கத்தில் போட்டிருந்த கணக்கு: அடிப்படைச் சம்பளம் மாதம் 4,430 திர்ஹாம், பறக்கும் மணிக்கு 63.75 திர்ஹாம், மாதத்துக்கு 80 முதல் 100 மணி, சராசரியாகக் கைக்கு வருவது 10,170. கூட்டிப் பாருங்கள், பாதிக்கு மேல் பறந்தால்தான் வருகிறது. தங்கும் இடம் இலவசம், அங்கே வருமான வரி இல்லை. நல்ல வேலைதான், சந்தேகமே இல்லை. ஆனால் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தால் எந்தப் பகுதி குறையும் என்று செக்கிங் அக்காவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் டெல்டா நிறுவனம் பயணிகளை ஏற்றும் நேரத்துக்கும் சம்பளம் தரத் தொடங்கியதே 2022ல்தான். அதுவும் பாதி விகிதத்தில். 2025 ஆகஸ்ட் 16 அன்று ஏர் கனடாவின் விமானப் பணியாளர்கள் பத்தாயிரம் பேருக்கு மேல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தரையில் செய்யும் வேலைக்குக் கூலி கொடு என்பது அவர்களுடைய முக்கியக் கோரிக்கை. அரசு தலையிட்டு வேலைக்குத் திரும்பச் சொன்னது. சங்கம் மறுத்தது. ஆகஸ்ட் 19 அன்று உடன்பாடு வந்தது. பஞ்சப்படிக்காக 1984ல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. நம் ஊர் மூத்த தொழிலாளிகளுக்கு அந்த நான்கு நாள் கதை ரொம்பச் சின்னதாகத் தோன்றலாம்.

இந்தியாவில் 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் இருநூறுக்கு மேற்பட்ட கேபின் பணியாளர்கள் ஒரே நேரத்தில் உடம்பு சரியில்லை என்று விடுப்புச் சொன்னார்கள். விமானங்கள் ரத்தாயின. சுமார் 25 பேரை நிறுவனம் வேலையைவிட்டு நீக்கியது. டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன் பேச்சு நடந்த பிறகு அவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. உடம்பு சரியில்லை என்று சொல்லித்தான் ஒன்றுகூட முடிகிறது என்பதே அந்த வேலையில் சங்கத்தின் நிலைமையைச் சொல்லிவிடும்.

பெண்ணைப் பெற்றவர்கள் அடுத்துக் கேட்பது கல்யாணத்தைப் பற்றி. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று ஓடியது எல்லோருக்கும் தெரியும். கல்யாணமாகாத ஏழைப் பெண்களை மூன்று வருடத்துக்கு மில் விடுதியில் வைத்து வேலை வாங்குவது, முடிவில் மொத்தமாக முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று ஒரு தொகை கொடுப்பது. கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று நோட்டீஸ் அடித்தார்கள். நடுவில் உடம்பு முடியாமல் வீட்டுக்குப் போனவர்களில் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. 2011ல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு இதைப் பற்றி அறிக்கை வெளியிட்ட பிறகுதான் வெளிநாட்டு பிராண்டுகள் முழித்துக்கொண்டன.

அந்த மில் விடுதிக்கும் ஏர் இந்தியாவுக்கும் என்ன சம்பந்தம்? 1970களில் ஏர் இந்தியாவில் சேர்ந்த பெண்ணுக்கு விதி இப்படி இருந்தது: சேர்ந்த நான்கு வருடத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை போய்விடும். முதல் கர்ப்பத்தோடும் போய்விடும். இரண்டிலும் தப்பித்தால் 35 வயதில் ஓய்வு. நிர்வாக இயக்குநர் மனம் வைத்தால் வருடா வருடம் நீட்டித்து 45 வரை ஓட்டலாம். அதே விமானத்தில் அதே தட்டைத் தூக்கிய ஆண் பணியாளருக்கு ஓய்வு 58 வயதில். நர்கேஷ் மீர்சாவும் உடன் பணிபுரிந்த பெண்களும் வழக்குத் தொடுத்தார்கள். உச்ச நீதிமன்றம் 1981 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஃபசல் அலி. அமர்வில் இருந்த மூவரில் ஒருவர் நம் மாநிலத்துக்காரரான ஏ. வரதராசன், உச்ச நீதிமன்றத்துக்குப் போன முதல் பட்டியலின நீதிபதி.

கர்ப்பத்துக்காக வேலையைவிட்டு அனுப்புவது இந்தியப் பெண்மையை அவமதிப்பது என்று அந்த விதியை நீதிமன்றம் தூக்கி எறிந்தது. நிர்வாக இயக்குநரின் இஷ்டத்துக்கு வயதை நீட்டிக்கும் அதிகாரத்தையும் ரத்து செய்தது. ஆனால் நான்கு வருடம் கல்யாணம் கூடாது என்ற விதியை விட்டுவைத்தது. பெண்ணின் உடம்புக்கு நல்லது, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு நல்லது, பயிற்சிக்கு நிறுவனம் செலவழித்திருக்கிறது என்றெல்லாம் காரணங்கள். மில் முதலாளிகளும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கல்யாணத்தைக் காட்டி வேலைக்கு எடுத்தார், மற்றவர் கல்யாணத்தைக் காட்டி வேலையைவிட்டு எடுத்தார். இரு இடத்திலும் விலை பேசப்பட்டது பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதுவரை உள்ள உடம்புதான். ஒரு வேறுபாட்டைச் சொல்லத்தான் வேண்டும்: ஏர் இந்தியாப் பெண்கள் தங்கள் பெயரிலேயே உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், மில் பிள்ளைகளுக்காகப் பிறர்தான் பேச வேண்டியிருந்தது. விமானத்தில் தலைமைப் பொறுப்பில் பெண் இருக்கலாமா என்ற தகராறுகூட உச்ச நீதிமன்றத்தில் 2011ல்தான் தீர்ந்தது, இருக்கலாம் என்று.

இன்று அந்த நான்கு வருட விதி இல்லை. கல்யாணம் செய்துகொண்டும் குழந்தை பெற்றுக்கொண்டும் பறக்கிறவர்கள் நிறையப் பேர். பேறுகால விடுப்பு 2017லிருந்து 26 வாரம். ஆனால் கர்ப்பம் உறுதியானதும் பறக்கும் பணியிலிருந்து இறக்கிவிடுவார்கள். மருத்துவ ரீதியில் அது சரிதான். பறந்த மணி அன்றே பூஜ்யமாகிவிடுகிறது, அந்தப் படியும் அதோடு நிற்கிறது. விதிப் புத்தகத்திலிருந்து எடுத்ததைச் சம்பளச் சீட்டுக்குள் வைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இவ்வளவு சொன்ன பிறகும், மகளைப் போகச் சொல்வீர்களா என்று கேட்டால் போகச் சொல்வேன். கொங்கு நாட்டில் பத்தொன்பது வயதில் ஒரு பெண்ணின் பேரில் வங்கிக் கணக்கு இருக்கலாம், அதில் அவள் சம்பாதித்த பணம் இருப்பது அபூர்வம். இந்த வேலை அதைச் செய்கிறது. டிகிரி கேட்பதில்லை, ப்ளஸ் டூ போதும். பெரிய ஊரில் தனியாக அறை எடுத்துத் தங்கவும், நடுராத்திரி மூன்று மணிக்கு அலாரம் வைத்துத் தானே எழவும், ஆங்கிலத்தில் சண்டை போடவும் கற்றுக்கொடுக்கிறது. இந்தி வேண்டுமே என்று சிலர் பயப்படுகிறார்கள். ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருக்கும் ஊரில் இந்தி கற்க டியூஷன் தேவையில்லை. நிறுவனத்தைப் பொறுத்துக் குடும்பத்துக்குச் சலுகை டிக்கெட்டும் உண்டு, இடம் காலியிருந்தால். அம்மாவை முதல்முறை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பார்ப்பதற்காகவே இந்த வேலையில் ஐந்து வருடம் இருக்கலாம் என்பேன்.

சம்பாத்தியத்தைவிடப் பெரியது பயிற்சி. தட்டில் சாப்பாடு கொடுப்பது அந்த வேலையின் வெளித்தோற்றம். ஐம்பது இருக்கைக்கு ஒருவர் என்று விமானத்தில் இவர்களை ஏற்றச் சொல்லும் விதி சாப்பாட்டுக்காக எழுதப்பட்டதல்ல. 180 இருக்கை உள்ள ஏர்பஸ்ஸில் நான்கு பேர் இருந்தாக வேண்டும். கதவுகளில் பாதி திறக்காவிட்டாலும் தொண்ணூறு நொடியில் எல்லோரையும் இறக்க முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமான மாதிரிக்கே அனுமதி கிடைக்கும். அந்தத் தொண்ணூறு நொடி இவர்கள் கையில் இருக்கிறது. தீ அணைப்பது, நின்றுபோன நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிப்பது, தண்ணீரில் இறங்கினால் படகை விரிப்பது, பிரசவம் பார்ப்பது வரை சொல்லிக்கொடுத்துப் பரீட்சை வைத்த பிறகே வண்டியில் ஏற்றுவார்கள்.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் தரையிறங்கும்போது கடலோரக் காவல்படை விமானத்தின் மீது மோதித் தீப்பிடித்தது. உள்ளே பயணிகள் 367 பேர், பணியாளர் 12 பேர். ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. எட்டுக் கதவில் மூன்றுதான் திறக்க முடிந்தது. கையில் பிடிக்கும் ஒலிபெருக்கியையும் தொண்டையையும் வைத்துக்கொண்டு ஒருவர் விடாமல் இறக்கிவிட்டார்கள். மற்ற விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்துபோனார்கள். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் பயணிகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட நீரஜா பனோட்டுக்கு வயது 22. அசோக சக்கரம் கொடுத்தது நாடு. இன்னொரு புறம், 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த ஏர் இந்தியா விமானத்தில் இறந்தவர்களில் பத்துப் பேர் கேபின் பணியாளர்கள். இதையும் வீட்டில் பேசிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

உடம்புக்கு என்ன ஆகும்? விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதுபோல வைக்கப்படுகிறது. சாதாரண விமானத்தில் ஏறக்குறைய ஊட்டி, போயிங் 787ல் குன்னூர். அந்த உயரத்துக் காற்றில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும். ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கும் கீழே. ஸ்பின்னிங் மில்லில் நூல் அறுந்துவிடும் என்று ஈரத்தைத் தெளித்துத் தெளித்துக் காற்றைப் பதமாக வைப்பார்கள். மேலே அறுவதற்கு நூல் இல்லை, தோலும் கண்ணும் தொண்டையும்தான் காய்கின்றன. மணிக்கணக்காக நிற்பதால் வரும் கால் நரம்புச் சுருட்டல் செக்கிங் டேபிளில் நிற்பவர்களுக்கும் தெரிந்த நோய்தான்.

இரவு வேலையும் அப்படியே. பெண்கள் ஆலையில் இரவு ஷிப்ட் பார்க்கக் கூடாது என்ற சட்டப் பிரிவை 2000ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதைக் கேட்டுப் போனவர்களே பெண்கள்தான். வேலை வேண்டும் என்று கேட்டது நியாயம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007ல் சொன்னதும் உண்மை: உடம்பின் இரவு பகல் கணக்கைக் குலைக்கும் ஷிப்ட் வேலை புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும். மில் பெண்ணுக்கு வாரத்துக்கொரு ஷிப்ட் மாறும். விமானப் பெண்ணுக்கு ஷிப்டோடு நாடும் மாறலாம்.

ஒன்றில் மட்டும் நம் ஊர் வேலை மேல். ஓவர்லாக் மிஷினுக்கு முன் யாரும் சிரிக்க வேண்டியதில்லை. ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் டெல்டா பணிப்பெண்களோடு பழகி 1983ல் எழுதிய நூலில், சிரிப்பும் பொறுமையும்கூட நிறுவனம் விலைக்கு வாங்கும் உழைப்புதான் என்று காட்டினார். 2025 டிசம்பர் தொடக்கத்தில் விமானிகளின் ஓய்வு நேர விதியில் ஏற்பட்ட குளறுபடியால் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது, வசவை வாங்கிக்கொண்டு நின்றவர்கள் எதிரே தென்பட்ட சீருடைப் பிள்ளைகள்தான். அடாவடிப் பயணிகளை மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்கு மேலும் விமானம் ஏறாமல் தடுக்கும் விதி 2017ல் வந்தது. அதற்கும் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் விமான நிறுவன ஊழியரைச் செருப்பால் அடிக்க வேண்டியிருந்தது.

தீபாவளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போனஸ் வாங்கியதும் திருப்பூரே காலியாகிவிடும். ஆனால் ஊரெல்லாம் வீடு திரும்பும் அந்த நாட்களில்தான் விமானப் பணியாளருக்கு ரோஸ்டர் நிறைந்து வழியும்.

இனிப் பயிற்சி நிலையம். விமானப் பணியில் சேர எந்தத் தனியார் நிலையத்தின் சான்றிதழும் சட்டப்படி தேவையில்லை. ப்ளஸ் டூ, பதினெட்டு வயது, நிறுவனம் கேட்கும் உயரம், பாஸ்போர்ட், பேச்சு. இவை இருந்தால் நேர்முகத் தேர்வுக்குப் போகலாம். தேர்வானவர்களுக்கு நிறுவனமே மாதக்கணக்கில் தன் செலவிலோ ஒப்பந்தம் போட்டோ பயிற்சி தருகிறது. தனியார் நிலையங்கள் கற்றுத்தருவது ஆங்கிலமும் நடை உடையும் நேர்முகத் தேர்வுக்கான தைரியமும். அது தேவைப்படும் பிள்ளைகள் உண்டு, மறுக்கவில்லை. அதற்காக நகையை அடகு வைக்கலாமா என்றால், கூடாது. பட்டியலின, பழங்குடி இளைஞர்களுக்கு கேபின் பணிப் பயிற்சியைத் தாட்கோ தன் செலவில் நடத்துகிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்புகளில் அந்த அறிவிப்பு வரும். பயிற்சி நிலைய விளம்பரம் அளவுக்கு அது கண்ணில் படுவதில்லை.

கடைசியாக, கேட். திருப்பூரில் ஒரு கம்பெனியில் கோபித்துக்கொண்டு வெளியே வரும் டெய்லர் அடுத்த தெருவில் "டெய்லர் தேவை" போர்டைப் பார்த்து உள்ளே போய்விடலாம். நல்ல கைக்கு இந்த ஊரில் எப்போதும் இன்னொரு கேட் இருக்கிறது. வானத்தில் அப்படி இல்லை. மதுரையில் ஜவுளித் தொழில் நடத்திய பாரமவுன்ட் குழுமம் 2005ல் சென்னையை மையமாக வைத்து விமான நிறுவனம் தொடங்கியது. பிசினஸ் வகுப்பு மட்டுமே கொண்ட சின்ன எம்ப்ரேயர் விமானங்கள், கோவைக்கும் வந்தன. 2010ல் நின்றுபோனது. 2012ல் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரல் 17ல் ஜெட் ஏர்வேஸ், 2023 மேயில் கோ ஃபர்ஸ்ட். பின்னால் சொன்ன மூன்றும் மூடியபோது சம்பள பாக்கியோடு ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள். பிறகு விஸ்தாரா ஏர் இந்தியாவோடு 2024 நவம்பரில் இணைந்தது. இப்போது உள்நாட்டுப் பயணிகளில் பத்துக்கு ஒன்பது பேர் இண்டிகோவிலோ ஏர் இந்தியா குழுமத்திலோ போகிறார்கள். இந்தியாவுக்குள் வேலை பார்க்க நினைக்கும் பிள்ளைக்கு உருப்படியாக இரண்டு கேட்தான். பேச்சில் கெட்டிக்காரியாக இருந்து, வயது இருபத்தொன்றும் ஆகிவிட்டால் வளைகுடாவில் இன்னும் சில கேட்டுகள் திறக்கும்.

அக்காவிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப மணி கம்மியா ஓடுன மாசத்துக்கு வாடகை யாருங்க கட்டுவா?" முன்னணி நிறுவனங்கள் சிலவற்றில் பறக்காவிட்டாலும் குறைந்தபட்ச மணிக்குப் படி உண்டு, சிலவற்றில் இல்லை. நேர்முகத் தேர்வில் உங்கள் மகள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்றேன்.

(தொடரும்)

அடுத்த வாரம்: சரக்கு லாரியில் தூத்துக்குடி வரை